‘தும்’மென்று பேசும் கம்பி

திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவு ஊர் அம்மையார்குப்பம். இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி என்றால் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறி வரும். பாடகர் நன்றாகப் பாடுகிறார், கீபோர்டு சரியாக இருக்கிறது, டிரம்ஸ் தாளம் தவறவில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவரும் ஒரு சுரம் விடாமல் வாசிக்கிறார். ஆனாலும் எழுபதுகள், எண்பதுகளின் பாட்டு வரும்போது, கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது. “ரெக்கார்டில் கேட்கிற மாதிரி இல்லையே” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். என்ன குறைகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

குறைவது அடியில் இருக்கிறது. பழைய பதிவில் ‘தும்’ என்று உருண்டு வந்து உடனே அடங்கும் பேஸ், இங்கே ‘டிங்’ என்ற உலோக ஓசையோடு தொடங்கி நீண்டுகொண்டே போகிறது. சுரம் அதேதான், குரல் வேறு.

கலைஞர்களிடம் காரணம் கேட்டால் பலரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: அந்தக் காலத்துக் கிட்டார், அந்தக் காலத்து மரம், இப்போது லட்சக்கணக்கில் கொடுத்தாலும் கிடைக்காது. இந்தப் பதிலில் உண்மை கொஞ்சம்தான். அந்தக் குரலின் பெரும்பகுதி கம்பியிலும், ஒரு துண்டு நுரைப்பஞ்சிலும், திருகாணி பிடித்து அரை மணி நேரம் பொறுமையாகச் செய்யும் வேலையிலும் இருக்கிறது.

காது எதைக் கேட்கிறது?

பேஸின் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது ஈ கம்பி. அதை மீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. இதை அடிச்சுரம் எனலாம். ஆனால் எந்தக் கம்பியும் ஒரே விதமாக மட்டும் அதிர்வதில்லை. முழு நீளமும் 41 முறை ஆடும் அதே வேளையில், அது இரண்டு பாதிகளாகப் பிரிந்து 82 முறையும், மூன்று கூறுகளாகப் பிரிந்து 124 முறையும், நான்காகப் பிரிந்து 165 முறையும் ஆடுகிறது. இப்படியே மேலே மேலே போகும். இவை கிளைச்சுரங்கள். ஒரே சுருதியில் வைத்த வீணையையும் வயலினையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிய முடிவது, இரண்டிலும் கிளைச்சுரங்களின் அளவு வேறு வேறாக இருப்பதால்தான்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. டீக்கடையின் சிறிய ரேடியோவில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கூட இருக்காது. அதனால் 41 அதிர்வை வெளியே தள்ளவே முடியாது, 82கூடப் பெரும்பாடு. அப்படியும் அந்த ரேடியோவில் பேஸ் எந்தச் சுரத்தில் நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. 124, 165, 206 என்று வரும் கிளைச்சுரங்களின் இடைவெளி எங்கும் 41 என்பதை மூளை கண்டுகொண்டு, காதுக்கு வராத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மறைந்த அடிச்சுரம் என்று இதைச் சொல்லலாம்.

இதிலிருந்து ஒன்று புலப்படும். பேஸின் உருண்டையான குரலுக்குத் தேவை அடியில் உள்ள சில கிளைச்சுரங்கள் தெளிவாக இருப்பது. ‘டிங்’ என்ற ஓசை வருவது அவற்றுக்கு வெகு மேலே, ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் இருக்கும் கிளைச்சுரங்களால். கம்பியின் அடிக் கிளைச்சுரங்கள் வலுவாகக் கேட்பது, மேல் ஓசையை மட்டுப்படுத்துவது, சுரம் சீக்கிரம் அடங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பழைய குரல் பிறக்கிறது.

1951 முதல்

1951 வரை இசைக்குழுக்களின் அடி ஓசை ஆளுயர டபுள் பேஸின் வேலை. அதைத் தூக்கிச் செல்வது சிரமம். டிரம்ஸுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் நடுவே கேட்கவும் கேட்காது. கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலில் இருந்து வந்த லியோ ஃபெண்டர், 1951இல் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் கழுத்தில் ஃப்ரெட் இருந்தது. வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களே, அதுதான். விரல் வைக்கும் இடம் துல்லியமானதால் கருவிக்கு ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர்.

1957இல் அதற்கு இரண்டு முக்கியமான மாற்றங்கள் வந்தன. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு துண்டானது. கம்பிகள் உடல் பக்கம் முடியும் பிரிட்ஜில், நான்கு கம்பிக்கு இரண்டே தாங்கிகள் இருந்தது மாறி, ஒவ்வொரு கம்பிக்கும் தனித் தாங்கி வந்தது. இந்தத் தாங்கியைச் சேடில் என்பார்கள். இன்று ‘பழைய பாணி’ என்ற பெயரில் விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வடிவத்தின் வழிவந்தவை. 1960இல் ஒல்லிக் கழுத்தும் இரண்டு பிக்கப்பும் கொண்ட ‘ஜாஸ் பேஸ்’ வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கருவியின் மீது காதுகளைத் திருப்பியவர் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கியவர், தாளத்துக்குத் துணையாக இருந்த பேஸைப் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக நடக்கவிட்டார். அவருடைய பதிவுகளில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளைப் பாடகரின் வரியைப் போலவே முணுமுணுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் அந்த இடத்தைப் பிடித்தார். வடக்கே ஆர்.டி. பர்மனுக்கு டோனி வாஸ். பேஸே ஒரு மெட்டுப் பாடும் இந்த இசையில் குரல் கெட்டுப்போனால் பாட்டின் ஒரு பாதி கெட்டுப்போகிறது. கச்சேரி கேட்பவரின் குறையை அலட்சியம் செய்யக்கூடாது என்பது அதனால்தான்.

ஜேமர்சன் மாற்றாத கம்பி

அந்தப் பழைய ‘தும்’ குரலுக்கு உலகமே இலக்கணமாகக் கொள்ளும் ஒரு கருவி உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்துப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

அவர் போட்டிருந்தது தடித்த பட்டைக் கம்பி. பேஸ் கம்பி என்பது நடுவே ஒரு எஃகு இழையும், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பியும் சேர்ந்தது. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று பள்ளம் விழும், தொட்டால் சொரசொரக்கும், மேல் கிளைச்சுரங்கள் தாராளமாக எழும். இது உருட்டுக் கம்பி. சுற்றுவது தட்டையான நாடா என்றால் மேற்பரப்பு வழவழக்கும், பள்ளமே இல்லை, மேல் ஓசை முளையிலேயே அடங்கும். ஃபெண்டர் பேஸ் பிறந்தபோது கிடைத்தது பட்டைக் கம்பிதான். அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உருட்டுக் கம்பியைப் பேர்பெறச் செய்தார்கள். பியானோவின் அடிக்கட்டை போல முழங்கும் குரல் அங்கிருந்து வந்தது. இன்று கடையில் வாங்கும் பேஸ் அநேகமாக உருட்டுக் கம்பியோடுதான் வருகிறது. கச்சேரி மேடையின் ‘டிங்’குக்கு முதல் காரணம் இதுவே.

ஜேமர்சன் கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். விரல் வியர்வையும் தூசும் கம்பியில் ஏறி ஏறி, மேல் கிளைச்சுரங்கள் இன்னும் மங்கின. பிரிட்ஜின் உலோக மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு ஒன்று கம்பிகளைத் தொட்டபடி இருந்தது. அதனால் ஒவ்வொரு சுரமும் எழுந்த வேகத்தில் அடங்கி, அடுத்ததற்கு இடம் விட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஏராளமான பதிவுகளுக்கு வாசித்த கேரல் கே, கம்பிகள் மேல் கம்பளித் துண்டை ஒட்டி இதே பலனைப் பெற்றார்.

1983இல் ஜேமர்சன் இறப்பதற்குச் சற்று முன்பு அவருடைய பேஸ் திருடுபோனது. ஆனால் அந்தக் குரலை இன்றும் ஸ்டுடியோக்களில் எழுப்புகிறார்கள். வேறு மரம், வேறு ஆண்டு, வேறு கை என்றாலும், பட்டைக் கம்பியும் பஞ்சும் இருந்தால் காது ‘அதுதான்’ என்கிறது.

ஈட்டியும் கருமருதும்

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. கழுத்து உறுதியாக இல்லாவிட்டால் கம்பியின் ஆற்றலை அது தின்றுவிடும். சில சுரங்கள் மட்டும் செத்த ஓசை தரும். ஆனால் மின்பேஸில் பிக்கப் கேட்பது கம்பியை. வீணைக்குடம் போலக் காற்றை அசைக்கும் பொறுப்பு மரத்துக்கு இல்லை. விரல் அழுத்தும்போது கம்பி நின்று அதிர்வதும் ஃப்ரெட் உலோகத்தின் மேல்தான்.

இந்த மரக்கதையில் நம் மலைகளுக்கும் பங்கு உண்டு. முதலில் கழுத்து முழுக்க மேப்பிள் மரமாக இருந்தது. ஐம்பதுகளின் இறுதியில் விரற்பலகைக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் வந்தது; அறுபதுகளின் பிற்பாதியில் இந்திய ரோஸ்வுட் அந்த இடத்தைப் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் மரம் அது. 2017இல் அந்த இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. இடையில் தயாரிப்பாளர்கள் வேறு மரம் தேடினார்கள். ஃபெண்டரின் மலிவு விலைப் பிரிவான ஸ்குவையரின் விரற்பலகைகளில் ‘இந்தியன் லாரல்’ என்று எழுதியிருப்பது நம் கருமருது. ஈட்டி கிடைக்கவில்லையே என்று யாரும் கருமருதை ஒதுக்க வேண்டியதில்லை.

எதை வாங்குவது?

1982இல் ஃபெண்டர் நிறுவனமே தன்னுடைய 1957, 1962 வடிவங்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. அதே காலத்தில் ஜப்பானில் செய்த நகல்கள் தரத்தில் பெயர் வாங்கின. இப்போது எல்லா விலையிலும் பழைய பாணி பேஸ் உண்டு. சென்னையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற கடைகளுக்குப் போனால் கையில் எடுத்து வாசித்தே பார்க்கலாம். கழுத்து கைக்குப் பொருந்துகிறதா என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது.

திருவிழா மேடைக்குப் பிரிசிஷன் வடிவமே முதல் தேர்வு. பழைய பாணிப் பிரிசிஷனின் கழுத்து, கம்பிகள் தொடங்கும் நட்டுக்கு அருகில் 44 மி.மீ. வரை அகலம், ஜாஸில் அது 38 மி.மீ. சிறிய கைகளுக்கு ஜாஸ் எளிது. ஆனாலும் பிரிசிஷன் பக்கம் சாய வைப்பது இரைச்சல்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் இந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் சுற்றிலும் பரப்புகின்றன. பிக்கப்பின் செப்புச் சுருள் அதைப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று ஒலிக்கிறது. பேஸில் ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 அதிர்வு. இரைச்சல் சுரத்தை ஒட்டியே நிற்பதால் இரண்டும் மோதி அலை அலையாகக் கேட்கும். பிரிசிஷனின் இரண்டு துண்டுச் சுருள்களும் எதிரெதிராகக் கோத்தவை. ஒன்றில் விழும் இரைச்சலை மற்றது அழித்துவிடும், கம்பியின் ஓசை மட்டும் நிற்கும். ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் சம அளவில் திறந்தால்தான் இந்த நன்மை. விசைத்தறி ஓடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

பிக்கப் இருக்கும் இடமும் பிரிசிஷனுக்குச் சாதகம். பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தள்ளி அது இருக்கிறது. அங்கே அடிக் கிளைச்சுரங்களின் ஆட்டம் அகலம். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடி மெலிந்து மேல் ஓசை கூடும்.

வாங்கும்போது கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்த்து முறுக்கு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கழுத்துக்குள் ஒரு எஃகுக் கோல் ஓடுகிறது. கம்பிகளின் இழுவையை அதுதான் எதிர்த்து நிற்கிறது. டிரஸ் ராட் எனப்படும் அந்தக் கோலின் மரை சுலபமாகத் திரும்ப வேண்டும். அசல் பழைய வடிவத்தில் இந்த மரை கழுத்தின் அடியில் ஒளிந்திருக்கும்; திருப்ப வேண்டுமானால் நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தை எடுக்க வேண்டும். திருத்தணிப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கும். மரம் உப்புவதும் சுருங்குவதும் ஓயாது. இங்கே இருப்பவர்கள் மரை தலைப்பக்கம் வைத்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெயிண்டை வேண்டுமென்றே சுரண்டிப் பழசாக்கிய கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அந்தச் சுரண்டலுக்கும் ஓசைக்கும் தொடர்பு இல்லை.

ஒரு பேஸைச் சீர்செய்வோம்

உருட்டுக் கம்பியோடு கடையிலிருந்து வந்த ஒரு பிரிசிஷன் நகலை எடுத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ.

முதலில் வரிசை. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75, 80 கிலோ எடைக்குச் சமமாகக் கழுத்தை இழுக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். பாவில் ஒரு பக்கம் இழுவை கூடினால் துணி முழுதும் கோணிக்கொள்வதை நெசவாளர் அறிவார்; இங்கும் அதே கதைதான். அதனால் கம்பி, கழுத்து, உயரம், சேடில், பஞ்சு, பிக்கப் என்ற வரிசையை மாற்றக்கூடாது.

பட்டைக் கம்பியைப் போடும்போது ஒரு எச்சரிக்கை. நீளத்தை வெட்டுவதற்கு முன்பு வெட்டும் இடத்தில் கம்பியைச் செங்கோணமாக மடக்க வேண்டும்; அப்படியே வெட்டினால் மேல் நாடா சுழன்று தளர்ந்துவிடும். பிறகு சுருதி சேர்ப்பது. ஈ கம்பியின் 41 அதிர்வை ட்யூனர் சில நேரம் பிடிக்காது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் 82 அதிர்வு தெளிவாக எழும். அதைப் பார்த்துச் சேர்க்கலாம்.

அடுத்தது கழுத்தின் குழிவு. முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒன்றாக அழுத்தினால் கம்பி அளவுகோலாகிவிடும். நடுவே, ஏழாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே 0.35 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அதிரும் கம்பி நடுவில்தான் அதிகம் ஆடுகிறது, அதற்கு இடம் விடவே இந்தக் குழிவு. பட்டைக் கம்பியின் இழுவை பெரும்பாலும் கூடுதல் என்பதால் இடைவெளி 0.6 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மரையைக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் மரை நழுவும், கழுத்தும் கெடும்.

உயரத்தை 17ஆம் ஃப்ரெட்டில் அளக்கிறோம். பழைய பாணி விரற்பலகை நன்றாக வளைந்தது. அதற்கு ஈ பக்கம் 2.8 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு. ஓங்கி மீட்டுபவர்கள் இன்னும் சற்று உயர்த்தலாம். கம்பி தாழ்ந்திருந்தால் வாசிக்கச் சுகம், ஆனால் ஃப்ரெட்டில் உரசி அந்த ‘டிங்’ மறுபடி வரும்.

இனி நுட்பமான வேலை. கம்பியின் சரிபாதியில் இருக்கிறது 12ஆம் ஃப்ரெட். அங்கே அழுத்தினால் சரியாக மேல் ஸ்தாயி வர வேண்டும். வராது, கொஞ்சம் கூடும். அழுத்தும்போது கம்பி இழுபடுகிறது. தடித்த கம்பியின் இரு முனைகளும் விறைத்து நிற்பதால் உண்மையில் ஆடும் நீளமும் குறைகிறது. வீணையில் மெழுகில் பதித்த மெட்டை நகர்த்திச் சரிசெய்வார்கள். பேஸில் ஃப்ரெட் அசையாது, சேடில் நகரும்.

ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு சதம். ஈ கம்பியில் 12ஆம் ஃப்ரெட் 10 சதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று கொள்வோம். 864 மி.மீ. கம்பியில் ஒரு சதத்தைக் குறைக்க அரை மி.மீ. நீட்ட வேண்டும். ஆக, சேடில் 5 மி.மீ. பின்னால் போக வேண்டும். ஒல்லியான ஜி கம்பிக்கு இதைவிடக் குறைவு போதும். சரியாக அமைத்த பேஸின் பிரிட்ஜில் நான்கு சேடில்களும் சாய்வரிசையாக நிற்பது இதனால்தான். 1951இன் இரண்டு சேடில் அமைப்பில் இது முழுதாகக் கைகூடாது.

இது முடிந்த பிறகே நுரைப்பஞ்சு. முன்பே வைத்தால் சுரம் சட்டென்று அடங்கி ட்யூனர் படிக்கத் தடுமாறும். நான்கு கம்பிக்கும் எட்டும்படி ஆறு, ஏழு செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகலாம். கம்பியை லேசாகத் தொட்டால் போதும். முட்டித் தள்ளினால் அடிச்சுரமும் சேர்ந்து செத்துவிடும்.

கடைசியாகப் பிக்கப். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஈ பக்கம் 3.2 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. இடைவெளி விடலாம். சத்தம் வேண்டும் என்று மேலே ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், சுருதி நடுங்கும். சத்தத்துக்கு ஆம்ப் இருக்கிறது.

மேடையில் டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, பிக்கப்புக்கு மேலோ அதைவிடக் கழுத்துப் பக்கமோ மீட்டினால் குரல் உருளும். ஒலியமைப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 41 அதிர்வின் ஓசை அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். வீடுகளை வளைத்துக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போகும். கல்யாண மண்டபத்தில் அது சுவருக்குச் சுவர் மோதிக் குமுறும். மண்டபத்தில் அடியைச் சற்றுக் குறைத்து 80 முதல் 200 அதிர்வு வரை தெளிவாக வைத்தால், மிச்சத்தைக் கேட்பவரின் மூளை நிரப்பிக்கொள்ளும்.

புதுப் பட்டைக் கம்பிக்கும் முதல் சில வாரங்கள் கொஞ்சம் உலோக வாடை இருக்கும். அதைக் கண்டு கம்பியை மாற்றிவிடக் கூடாது. வாசிக்க வாசிக்கப் போய்விடும். குழிவையும் சேடிலையும் ஒரு வாரம் கழித்து ஒருமுறை, பிறகு சித்திரையில் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கியதும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். கழுத்து எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும் என்பதால், முதல் வருடம் அளவுகளைக் குறித்துவைத்தால் மறு வருடம் மரையை எந்தத் திசையில் திருப்புவது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.